பம்பு மூடியும் உலகப் போரும்

பூங்காவனம் அக்கா மைக்கை விட்டு அரை அடி தள்ளித்தான் நின்றார். கிட்டே போனால் ஷாக் அடிக்கும் என்று யாரோ பயமுறுத்தியிருந்தார்கள். ஆனாலும் அவர் குரல் கல்யாண மண்டபத்தின் கடைசி நாற்காலி வரைக்கும் போனது.

பேச்சின் கடைசியில் ஒரு கேள்வி கேட்டார். கேட்டுவிட்டு நிறுத்திவிட்டார்.

மண்டபம் நிறைய ஆட்கள். அத்தனை பேரும் தரையைப் பார்த்தார்கள். ஃபேன் சுற்றுகிற சத்தம் கேட்டது. பின்பக்கத்திலிருந்து சாம்பார் கொதிக்கிற வாசனை வந்தது. எதிரணியில் உட்கார்ந்திருந்த நான் என் குறிப்புத் தாளை மடித்தேன், பிரித்தேன், மறுபடியும் மடித்தேன்.

அன்றைய பேச்சு முழுவதும் முதல் உலகப் போரில் அமெரிக்கா சேர்ந்ததைப் பற்றி. திருவொற்றியூரில் லேத் ஓட்டுகிறவனுக்கு அதில் தலைகுனிய என்ன இருக்கிறது? நான் லேத் பழகிய கதையைப் போன வாரம் இதே தொடரில் படித்துவிட்டு, "இதெல்லாம் சரி, நீங்கள் பார்த்துப் பிரமித்த நாள் ஏதாவது உண்டா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். உண்டு. அது இதுதான்.

சண்டை வராத தலைப்பு

விம்கோ நகர் பக்கம் மெட்ரோ தூண் ஒன்றுகூட முளைக்காத காலம். எங்கள் கம்பெனியில் வார்ப்பு இரும்பைக் கடைந்து வண்டிகளுக்குப் பாகங்கள் செய்தோம். தொழிற்சங்க ஆண்டு விழா என்றால் ஞாயிற்றுக்கிழமை காலை, மண்டபம், பட்டிமன்றம், சாப்பாடு. இதுதான் வரிசை.

ஆனால் பட்டிமன்றம் எங்களுக்கு ராசியில்லை. ஒரு வருடம் "சிக்கனத்தில் சிறந்தவர் கணவனா, மனைவியா" என்று வைத்தோம். பேசிய நாலு பேருக்கும் ஒரு வாரம் வீட்டில் சோறு இல்லை. அடுத்த வருடம் இரண்டு சினிமா நடிகர்களைப் பற்றி வைத்தோம். நாற்காலிகள் பறந்தன.

அதனால் சங்கச் செயலாளர் தேசிங்கு, பெரம்பூரிலிருந்து நடுவராக வரும் வரலாற்றுப் பேராசிரியரிடம் கும்பிடாத குறையாகக் கேட்டார். நானும் கூட இருந்தேன்.

"சார், யாருக்கும் ரோசம் வராத தலைப்பா ஒண்ணு குடுங்க சார்."

"உலகப் போரிலிருந்து ஒன்று எடுக்கலாமா?"

"அதுவே சண்டையாச்சே சார்?"

"ரொம்பப் பழைய சண்டை தேசிங்கு. அமெரிக்கா முதலில் நடுநிலை என்று ஒதுங்கி நின்றது. அப்புறம் போரில் இறங்கியது. நின்றது சரியா, இறங்கியது சரியா?"

தேசிங்கு சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்துத் தலை வாரினார். யோசிக்கும்போது அப்படித்தான் செய்வார். "அமெரிக்காவா? அப்ப ஒண்ணும் பிரச்சினை இல்ல" என்றார்.

தேசிங்கு அந்த வருடம் அத்தனை பயந்ததற்குக் காரணம் இருந்தது. எங்களுக்கு மூன்று தெரு தள்ளி ஒரு பம்பு கம்பெனி. அங்கே பல வருடமாக ஒப்பந்தத்தில் இருந்தவர்கள் தங்களை நிரந்தரமாக்கச் சொல்லிக் கேட்டார்கள். நிர்வாகம் கதவைப் பூட்டிவிட்டது. அவர்கள் கேட்டுக்கு எதிரே பந்தல் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

எங்களிடம் ஆதரவு கேட்டு ஆள் வந்தது. கம்பெனி வாசலில் கேட் கூட்டம் போட்டோம். "அது அவங்க கம்பெனி வெவகாரம். நாம அந்தப் பக்கமும் இல்ல, இந்தப் பக்கமும் இல்ல. நடுநிலை" என்றார் தேசிங்கு. கை தூக்கச் சொன்னார். எல்லோரும் தூக்கினோம். நானும்தான். தூக்கிய கையை இறக்கும்போது நிம்மதியாகக்கூட இருந்தது.

அந்தப் பந்தலில் என்னோடு ஐ.டி.ஐ. படித்த சேகர் இருந்தான். மறுநாளிலிருந்து நான் சைக்கிளை வேறு தெருவில் ஓட்டினேன்.

கேன்டீனில் படித்த பாடம்

பூங்காவனம் அக்காவுக்கு அப்போது நாற்பது இருக்கும். வியாசர்பாடி குடியிருப்பிலிருந்து முதல் பஸ்ஸில் வருவார். எங்கள் கேன்டீனில் சமையல், டீ, பாத்திரம் எல்லாம் அவர் பொறுப்பு. ஆனால் அவர் எங்கள் கம்பெனி ஆள் இல்லை. கேன்டீன் காண்டிராக்டரின் ஆள்.

மேடையில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்று தேசிங்கு அவரைப் பிடித்துப் போட்டார். "நடுநிலையே சரி" என்ற அணிக்கு ஆள் கிடைக்காததால் அந்தப் பக்கம். "போரில் இறங்கியதே சரி" என்ற அணிக்கு நான் தலைவன்.

பேராசிரியர் கொடுத்த ஜெராக்ஸ் தாள்களோடு அக்கா என்னிடம் வந்தார்.

"ஏகா, இத்த கொஞ்சம் படிச்சி சொல்றியா? வாத்தியாரு பூரா இங்கிலீஷ்ல குடுத்துட்டு பூட்டாரு."

"அக்கா, நான் உனக்கு எதிரணி. நானே உனக்கு எடுத்துக் குடுக்கணுமா?"

"நீ ஜெயிச்சா எனக்கு இன்னா, நான் ஜெயிச்சா உனக்கு இன்னா? விசயம் தெரிஞ்சிக்கலாமில்ல?"

ஒரு வாரம் படித்தோம். மதியச் சாப்பாடு முடிந்து, தரையைக் கழுவிவிட்டு, ஈரம் காயாத பெஞ்சில் எதிரெதிரே உட்காருவோம். சோப்புத் தூள் வாசனை அடிக்கும். ஜன்னலுக்கு வெளியே துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் நகராமல் நிற்கும். நான் ஒரு வரி படித்துத் தமிழில் சொல்வேன். அக்கா கேட்பார்.

ஐரோப்பாவில் போர் மூண்டது. இது நம் சண்டை இல்லை என்று அமெரிக்கா அறிவித்தது.

"நல்லதுதான? எவன் வூட்டு சண்டையோ."

ஆனால் வியாபாரம் நிற்கவில்லை. இங்கிலாந்து தன் கப்பல்களை வைத்து ஜெர்மனிக்குப் போகிற கடல்வழியை மறித்துக்கொண்டதால் சரக்கு பெரும்பாலும் இங்கிலாந்தின் பக்கத்துக்கே போனது. கோதுமை போனது. பீரங்கிக் குண்டு போனது.

அக்கா என்னைப் பார்க்கவில்லை. தாளைப் பார்த்துத்தான் கேட்டார். "அப்ப இன்னாத்துக்கு நடுநிலைன்னு சொல்லிக்கினு கீற?"

அமெரிக்காவிலிருந்து கிளம்பிய ஒரு பெரிய இங்கிலாந்துப் பயணிகள் கப்பலை ஜெர்மனியின் நீர்மூழ்கி மூழ்கடித்த பக்கம் வந்தது. கைக்குழந்தைகளோடு தாய்மார்கள் போனார்கள். அமெரிக்கர்களும் இருந்தார்கள். அதே கப்பலின் அடித்தளத்தில் பெட்டி பெட்டியாகத் துப்பாக்கித் தோட்டாவும் இருந்தது. "கொயந்தைங்க தூங்கற கப்பல்லயா ஏத்துனானுங்க?" என்று அக்கா கேட்டார்.

நாட்டைப் போரிலிருந்து காத்தவர் என்று சொல்லித்தான் ஜனாதிபதி மறுபடி தேர்தலில் ஜெயித்தார். அரை வருடம் முடியவில்லை. இனி எந்தக் கப்பலானாலும் அடிப்போம் என்றது ஜெர்மனி. பக்கத்து நாடான மெக்சிகோவை அமெரிக்கா மேல் ஏவிவிட அது ரகசியமாக அனுப்பிய தந்தி ஒன்று அம்பலமானது. அதே ஜனாதிபதி சபைக்கு வந்து போர் கேட்டார்.

அந்தச் சபையில் ஒரே ஒரு பெண் உறுப்பினர் இருந்தார். வாக்கெடுப்பில் முதல் முறை பெயரைக் கூப்பிட்டபோது அவர் வாயைத் திறக்கவில்லை. இரண்டாம் முறை கூப்பிட்டபோது வேண்டாம் என்றார். இன்னும் நாற்பத்தொன்பது பேர் அப்படிச் சொன்னார்கள். மற்ற எல்லோரும் வேண்டும் என்றார்கள்.

"மொத தபா ஏன் பேசல?" என்றார் அக்கா.

"எழுதல அக்கா."

"வாயில வந்திருக்காது. அவ்ளோ பேர் நடுவுல எப்டி வரும்?"

எனக்கு ஜெராக்ஸ் தாள் கையில் கனத்தது. ஒரு நாடு. அதில் எத்தனை கோடி வீடுகள். உழுகிறவன், தச்சன், எங்களைப் போல இரும்பு கடைகிறவன். நேற்று வரைக்கும் போர் இல்லை, இன்று முதல் போர் என்று ஒரு சபையில் சொன்னதும் அத்தனை வீட்டிலும் பிள்ளைகள் பெட்டி கட்டுகிறார்கள். அவ்வளவு பெரியது எப்படி ஒரு சொல்லில் திரும்பும்? அன்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் இதே யோசனை.

நைனா சொன்னது

ராயபுரத்து வீட்டில் நைனாவிடம் இதைச் சொன்னேன். அவர் துறைமுகத்தில் மூட்டை தூக்கி ஓய்ந்தவர். இரண்டாம் உலகப் போரின்போது சின்னப் பிள்ளை. ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று ஊரே காலியானதைப் பார்த்தவர்.

"ஒரு நாள்ல தெருவே காலிடா. சட்டி பானைய தூக்கிக்கினு செங்குன்றம் பக்கம் நடந்தோம். எங்கம்மா கோழிய மடில கட்டிக்கினு வந்துச்சி."

"நம்ம நாட்டுக்கும் அந்தச் சண்டைக்கும் இன்னா நைனா சம்பந்தம்?"

"அத்த யார்ரா கேட்டா? வெள்ளக்காரன் சேத்துட்டான், சேந்துட்டோம்." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார். "உங்க அமெரிக்காகாரன் கையாவது தூக்கனான். நம்மள எவனும் கேக்கல."

இதை நான் மேடையில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கைதட்டல் வாங்குகிற வரிகளைத்தான் எழுதி வைத்திருந்தேன்.

அந்தக் கேள்வி

ஞாயிற்றுக்கிழமை முதலில் நான் பேசினேன். கர்ஜித்தேன் என்றே சொல்லலாம். அநியாயம் நடக்கும்போது ஓரமாக நிற்பவன் அநியாயக்காரன்தான் என்றேன். மேசையைக் குத்தினேன். விசில் பறந்தது. தேசிங்குகூடக் கை தட்டினார்.

பிறகு பூங்காவனம் அக்கா வந்தார். கையில் தாள் இல்லை.

"எல்லாருக்கும் வணக்கம். நடுநிலைதான் சரின்னு என்னைப் பேச சொன்னாங்க. சரிதான். சண்டைக்கு போனா ஆளுங்க சாவாங்க. போவாம இருந்தா நல்லதுதான்.

"ஆனா படிச்சதுல எனக்கு ஒண்ணு புரிஞ்சிது. அமெரிக்கா நடுவுல நிக்கவே இல்ல. வாய்தான் நடுநிலைன்னு சொல்லிச்சி. சாமான் பூரா ஒரு பக்கத்துக்கு போய்க்கினே இருந்துச்சி. நெசமா நடுவுல நின்னிருந்தா, கொயந்தைங்க போன கப்பல்ல தோட்டா இருந்திருக்குமா?"

கொஞ்சம் மூச்சு வாங்கினார். அப்புறம்தான் அதைக் கேட்டார்.

"நம்ம மெஷின் ஷாப்புல பதினஞ்சி நாளா ராவும் பகலும் ஓடுதே பம்பு மூடி, அது யாரோட சாமான்?"

அந்த மூடிகள் கடையாத வார்ப்புகளாகச் சாக்கு போர்த்திய லாரியில் வந்து இறங்கின. எங்கள் கம்பெனி பம்பே செய்வதில்லை. பூட்டிக் கிடக்கிற கம்பெனியின் வேலையைத்தான் நாங்கள் எடுத்துச் செய்துகொண்டிருந்தோம். எங்கள் கையால் கடைந்த மூடி போகப் போக, பந்தலில் இருப்பவர்களிடம் பேச அந்த நிர்வாகத்துக்கு அவசியமே இல்லாமல் போனது. ஓவர்டைம் கிடைக்கிறது என்று நாங்களும் வாயை மூடிக்கொண்டோம். எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் ஒருவரிடமும் சொன்னதில்லை.

"நடுநிலைன்னா நெசமா நில்லுங்க. நான் சொல்றது அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டு அக்கா உட்கார்ந்தார்.

நடுவர் தண்ணீர் குடித்தார். கண்ணாடியைத் துடைத்தார். கடைசியில், போரில் இறங்கியதே சரி என்று எங்கள் அணிக்குத் தீர்ப்பு சொன்னார். எனக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். யாரும் விசில் அடிக்கவில்லை. சாப்பாட்டுப் பந்தியில் அப்பளம் நொறுங்குகிற சத்தம்தான் பெரிதாகக் கேட்டது.

ஒரு டம்ளர் டீ

திங்கட்கிழமை முதல் ஷிப்ட். என் லேத்துக்குப் பக்கத்தில் பம்பு மூடிகள் அடுக்கியிருந்தன. மேடையில் கர்ஜித்தவன் இங்கே என்ன செய்தேன் என்று உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கொஞ்ச நேரம் நின்றேன். எனக்கு அடுத்த படியான சார்ஜ்மேன் பதவிக்கு என் பெயர் போயிருக்கிறது என்று சூப்பர்வைசர் காதில் போட்டிருந்தார். மூடியை லேத்தில் மாட்டினேன். சுவிட்சைப் போட்டேன்.

பத்து மணிக்கு அக்கா டீ வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். எல்லோருக்கும் ஊற்றினார். கடைசியில் தன் பங்கு டீயை ஒரு டம்ளரில் ஊற்றி, தட்டு போட்டு மூடி, அதை எடுத்துக்கொண்டு கேட்டை நோக்கி நடந்தார்.

"எங்க போற?" என்று வாட்ச்மேன் கேட்டாராம்.

"என் டீ. எனக்கு வுட்ட டயத்துல எங்க வேணா போவேன்."

மூன்று தெரு நடந்து, பந்தலில் முதலில் உட்கார்ந்திருந்தவரிடம் கொடுத்துவிட்டு, காலி டம்ளரோடு திரும்பினார்.

செவ்வாய்க்கிழமையும் அதேதான். அன்று அவர் கிளம்பும்போது, டிரில்லிங் மெஷினில் வேலை பார்க்கிற ஒருவர் தன் டம்ளரை நீட்டினார். "இதையும் எடுத்துனு போக்கா."

புதன்கிழமை ஒரு தூக்குவாளி தேவைப்பட்டது. வியாழக்கிழமை இரண்டு. நானும் ஊற்றினேன், அதில் எனக்கு ஒரு பெருமையும் இல்லை. ஊற்றிவிட்டுப் போய் மூடிதான் கடைந்தேன். அந்த அனல் ஷெட்டில், காலையிலிருந்து நின்றபடி வேலை செய்கிற ஆட்கள், தொண்டை வறளத் தங்கள் டீயை வாளியில் ஊற்றிவிட்டு மெஷினுக்குத் திரும்புவதைப் பார்க்கும்போது எனக்கு முதுகில் சிலிர்த்தது. யாரும் யாருக்கும் உத்தரவு போடவில்லை. தேசிங்கு தூணுக்குப் பக்கத்தில் நின்று தலை வாரிக்கொண்டே இருந்தார். பிறகு அவரும் வந்து ஊற்றினார்.

வெள்ளிக்கிழமை டீ வண்டியை வேறு யாரோ தள்ளிக்கொண்டு வந்தார்.

நின்றுபோன சத்தம்

பூங்காவனம் அக்காவைக் கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். இனி வர வேண்டாம் என்று காண்டிராக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். அக்கா நேரே பந்தலுக்குப் போய் உட்கார்ந்துவிட்டார் என்று செய்தி வந்தது.

சூப்பர்வைசர் எங்களிடம், "அது காண்டிராக்டர் வெவகாரம்பா. நமக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. வேலையப் பாருங்க" என்றார்.

தேசிங்கு கேட் கூட்டத்தில் சொன்ன கிட்டத்தட்ட அதே வார்த்தைகள். அவற்றை இன்னொருவர் வாயால் கேட்கும்போது எவ்வளவு அசிங்கமாக இருந்தது என்று தேசிங்கின் முகத்திலேயே தெரிந்தது.

அவர் சீப்பை எடுக்கவில்லை. என் மெஷினுக்கு முன்னால் வந்து நின்றார். "ஏகா, மேடைல நல்லாப் பேசன இல்ல? நிறுத்து" என்றார்.

நான் நிறுத்தினேன். பக்கத்து லேத் நின்றது. அதற்கடுத்தது நின்றது. மில்லிங், டிரில்லிங், கிரைண்டிங் என்று ஒவ்வொரு வரிசையாக நின்றது. மூலையிலிருந்த கம்ப்ரசரையும் அதன் ஆள் அணைத்தார்.

அந்த ஷெட்டில் நான் பன்னிரண்டு வருடம் வேலை செய்திருந்தேன். சாப்பாட்டு நேரத்திலும் கம்ப்ரசர் ஓடும். கரண்ட் போனால் ஜெனரேட்டர் கத்தும். முழு அமைதி என்பதை அங்கே நான் அறிந்ததே இல்லை.

அன்று முதல்முறையாகக் கடல் கேட்டது.

அலை வந்து கருங்கல்லில் மோதுகிறது, திரும்புகிறது, மறுபடி மோதுகிறது. இவ்வளவு பக்கத்திலா இருந்தது? எல்லோரும் அப்படியே நின்று கேட்டோம். எண்ணெய்க் கையோடு வயதானவர் ஒருவர் தன்னையறியாமல் கும்பிட்டுவிட்டார். அவ்வளவு பெரியது எப்படித் திரும்பும் என்று கேன்டீன் பெஞ்சில் நான் யோசித்ததற்கு அங்கே பதில் கிடைத்தது. ஒருவன் பக்கத்திலிருப்பவனைப் பார்க்கிறான். அவன் அடுத்தவனைப் பார்க்கிறான். அப்படித்தான் திரும்புகிறது. நல்லதுக்கும் அப்படித்தான், கெட்டதுக்கும் அப்படித்தான் என்று நினைத்தபோது கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

அன்று மதியம் வரிசையாகப் பந்தலுக்கு நடந்தோம். சேகர் என்னைப் பார்த்தான். திட்டுவான் என்று நினைத்தேன். பாயில் நகர்ந்து இடம் விட்டான். "உக்காரு" என்றான்.

அப்புறம் நடந்தது

பம்பு மூடியை இனி எந்த மெஷினிலும் ஏற்றுவதில்லை என்று தீர்மானம் போட்டோம். மற்ற பாகங்களை எங்கே செய்தாலும் மூடி இல்லாமல் பம்பு இல்லை. சில வாரத்தில் அந்த நிர்வாகம் பேச்சுவார்த்தைக்கு வந்தது. பாதிப் பேர் நிரந்தரமானார்கள். மீதிப் பேருக்கு வேலை போனது. சேகர் அந்த மீதியில் ஒருவன். மாத்தூரில் ஒரு வெல்டிங் பட்டறையில் சேர்ந்தான். எங்கள் பக்கத்தில் இரண்டு பேரைத் தூர ஊருக்கு மாற்றினார்கள். சார்ஜ்மேன் பட்டியலில் என் பெயர் அதற்கப்புறம் வரவே இல்லை. லேத் ஓட்டுகிற டர்னராகச் சேர்ந்தேன், டர்னராகவே ஓய்வு பெற்றேன்.

அக்காவைத் திரும்ப எடுத்தால்தான் கேன்டீனில் கை நனைப்போம் என்று வீட்டிலிருந்தே சோறு கட்டிக்கொண்டு போனோம். ஒன்பதாம் நாள் எடுத்துக்கொண்டார்கள்.

பேச்சுவார்த்தை முடிந்து சேகருக்கு வேலை போன பிறகு, ஒரு மதியம் கேன்டீனுக்குப் போனேன். அக்கா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். எனக்குக் கேட்டே ஆக வேண்டியிருந்தது.

"அக்கா, இப்ப சொல்லு. அமெரிக்கா எறங்கனது சரியா, தப்பா?"

"அத்த செத்தவனைத்தான் கேக்கணும். நாம மேடைல இன்னா வேணா பேசுவோம்."

"அப்ப நாம எறங்கனது?"

கத்தி நின்றது. அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"உன் தோஸ்து சேகருக்கு வேலை பூட்ச்சி. அவன் வூட்டுக்குப் போனியா நீ?"

"இல்லக்கா."

"ஞாயித்துக்கிழமை நான் போறேன். வரியா?"

போனோம்.